கடைசியக்கா

அரவேணு பஸ் ஸ்டாப்புக்கு எதிரே, பேக்கரிக்கும் உரக்கடைக்கும் நடுவில் இருக்கிற தையல் கடை என்னுடையது. மதியம் மூன்று மணிக்கு மேல் மூடுபனி கடைக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். அளவு கொடுக்க வந்தவர் யார், பனி எது என்று பிரித்துப் பார்ப்பதே பாடு. போன மாதம் அப்படி ஒரு பனிக்குள்ளிருந்துதான் ஹைஸ்கூல் டீச்சர் வெளியே வந்தார். கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெண். பள்ளிக்கூடத்தில் சாரணியர் என்கிற சிறுமியர் படையை நடத்துகிறவர். அந்தப் படைப் பிள்ளைகளுக்கு நீலக் கழுத்துத்துணி தைத்துக் கொடுப்பது பல வருஷமாக நான்தான்.

"ஏனுங்கக்கா, ஒரு சந்தேகமுங்க," என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எங்க படையில மட்டும் ஊர்வலத்துல தலைவி கடைசியில நடக்கறாங்க. மத்த ஊர்ல எல்லாம் முன்னாடிதான். புத்தகம் பூராத் தேடிட்டேன், எங்கயும் இல்லீங்க. யாருங்க இதை ஆரம்பிச்சது?"

"இப்ப எதுக்குங்க டீச்சர் அது?"

"அடுத்த மாசம் ஆண்டு விழாவுங்க. மலர் போடறோம். படையோட ஆரம்பக் கதையை ரெண்டு பக்கம் எழுதணும். பதிவேட்டுல நிறுவியவர்னு ஒரு கோடு போட்டிருக்குது, அதுமேல ஒண்ணுமே எழுதல. பேரும் ஒரு போட்டோவும் கெடைச்சாப் போதும். கெடைக்கலீன்னா, காரணமில்லாத பழக்கம் எதுக்கு, தலைவி முன்னாடியே நடக்கட்டும்னு ஜில்லா சங்கத்துல சொல்லிட்டாங்க."

ஊசி கையிலேயே நின்றுவிட்டது எனக்கு. பேர் எனக்குத் தெரியாது. முதல் படையில் இருந்த எங்கள் எட்டுப் பேரில் ஒருத்திக்கும் தெரியாது. நாங்கள் கூப்பிட்டது கடைசியக்கா என்று. போட்டோ இருந்தது. அதைத்தான் நான் இத்தனை வருஷமாக யாருக்கும் காட்டாமல் பெட்டிக்குள் வைத்திருந்தேன்.

"எழுதித் தர்றேன், போங்க," என்று டீச்சரை அனுப்பிவிட்டு, பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். எனக்கு எழுத்து வராது, பேச்சுதான் வரும். அதனால் பேசுகிற மாதிரியே எழுதிவிட்டேன்.

கடைசியக்கா எங்கள் எஸ்டேட்டில் பிள்ளைக் காம்பரா ஆயா. கொழுந்து கிள்ளப் போகிற தாய்மார்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற கூடத்துக்கு அந்தப் பேர். லயத்து வரிசை வீடுகளில் இருந்த குடும்பமெல்லாம் இலங்கையிலிருந்து கப்பலேறி வந்தவை. பேச்சையும் அங்கிருந்தே மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட்டோம். நான் அங்கே பிறந்து இங்கே வளர்ந்தவள். கடல் எனக்கு ஞாபகமில்லை. வழியெல்லாம் வாந்தி எடுத்தேன் என்று அம்மா சொல்வாள்.

அக்கா நல்ல உயரம், நல்ல ஒல்லி. எப்போதும் ஒரு ஆம்பளை ஸ்வெட்டர், முழங்கை இரண்டிலும் ஒட்டுத்துணி. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு பித்தளை விசில். தாலி தொங்க வேண்டிய இடத்தில் விசில் தொங்குது என்று பெண்கள் கிண்டல் பண்ணுவார்கள். அக்கா சிரிக்காமல் சொல்வாள்: "இதை ஊதுனா நாலு பேராவது ஓடியாறாங்க. உங்க தாலியை ஊதிப் பாருங்கடி, ஒருத்தராச்சும் வர்றாரான்னு."

எங்கே போனாலும் கடைசியில்தான் நிற்பாள். தண்ணீர்க் குழாயில் அவள் குடம் கடைசிக் குடம். அரிசி கொடுக்கிற வரிசையில் கடைசி ஆள். கோயில் பொங்கலுக்கு இலை போட்டால், எல்லாரும் உட்கார்ந்த பிறகுதான் அவள் இலை விரியும். "முன்னாடி வாயேன் புள்ள, யாரு உன்னைத் தடுத்தது?" என்று எங்கள் அம்மா ஒரு நாள் கேட்டாள்.

"எல்லாரும் முன்னாடி போயிட்டா பைப்பை நிறுத்துறது யாரு அண்ணி?" என்றாள் அக்கா.

அம்மா தன் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக் காம்பராவில் தொட்டில்கள் காலியாக இருக்கும். விட்டத்திலிருந்து வரிசையாகத் தொங்குகிற அந்தத் துணித் தொட்டில்கள் காற்றில் தானாக ஆடிக்கொண்டிருக்க, அதற்குக் கீழேதான் எங்கள் படை பிறந்தது. எட்டுப் பெண்கள். எல்லாருக்கும் பன்னிரண்டு, பதிமூன்று வயசு. அக்கா சின்ன வயசில், அங்கே தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இப்படி ஒரு படையில் இருந்தாளாம். முடிச்சுப் போடுவது, அடிபட்டவளைத் தூக்குவது, ஈர விறகில் அடுப்பு மூட்டுவது, வழிக்குறி வைத்துக் காட்டில் நடப்பது எல்லாம் அவளுக்குத் தெரியும். அதற்கான புத்தகம் கப்பலில் வரும்போது மூட்டையிலிருந்து நழுவிக் கடலில் விழுந்துவிட்டது. அதில் பத்து விதி இருந்ததாம். அக்காவுக்கு ஞாபகம் இருந்தது மூன்றுதான்.

"ஒண்ணு, சொன்ன நேரத்துக்கு வா. நாலு, கேக்கறதுக்கு முன்னாடி கை கொடு. ஒம்பது, கடைசியில வர்றவளைத் திரும்பிப் பாரு."

"ரெண்டு, மூணு எல்லாம் எங்கக்கா?"

"கடல்ல கெடக்கு."

அப்படியே மனப்பாடம் செய்தோம். ஒன்று, நாலு, ஒன்பது. மற்ற ஏழும் மீன்களுக்கு.

கழுத்துத்துணிக்கு எங்கே போவது? ஃபேக்டரியில் கிடைத்த வெள்ளைத் துணியை முக்கோணமாகக் கிழித்து, வேட்டிக்குப் போடுகிற நீலத்தில் முக்கி எடுத்தாள். வெயிலில் பார்த்தால் வானம் மாதிரி இருக்கும். இந்த மலையில் வெயில் ஏது? பனி பட்டதும் நீலம் இறங்கிக் கழுத்தெல்லாம் ஒட்டிக்கொள்ளும். வாரம் பூரா நாங்கள் நீலக் கழுத்தோடு திரிந்தோம். எங்கள் அம்மா செங்கல் பொடி போட்டுத் தேய்த்துக்கொண்டே, "படையாம் படை, மயில் படை," என்று திட்டுவாள்.

இப்படி விளையாட்டாக இருந்த படையில் ஒரு நாள் எங்கள் எட்டுப் பேர் படிப்பும் வந்து மாட்டிக்கொண்டது.

எஸ்டேட் பள்ளிக்கூடம் எட்டாவதோடு முடிந்துவிடும். ஹைஸ்கூல் கீழே அரவேணுவில், ஐந்து மைல். எட்டாவது முடித்த பெண்ணுக்கு ஒரே வழி, கூலிக் கணக்குப் பதிவான செக்ரோலில் பேர் பதிந்து கொழுந்துக் கூடையை மாட்டிக்கொள்வதுதான். அந்த வருஷம் புதுசாக வந்த மானேஜர் துரையிடம் அக்கா போய், கீழே போகிற எஸ்டேட் லாரியில் எங்களை ஏற்றிவிடும்படி கேட்டாள். துரை நல்ல மனுஷர்தான், ஆனால் எதற்கும் ஒரு காகிதம் வேண்டும் அவருக்கு. "உங்க படையை ஜில்லா சங்கத்துல பதிஞ்சுட்டு வாங்க. பதிவான படைன்னா யூனிஃபாரம் போட்ட பிள்ளைங்களை லாரியில ஏத்த எனக்கு அதிகாரம் இருக்கு," என்றார்.

எங்கள் அப்பா அன்றைக்கே சொல்லிவிட்டார். "லாரி வந்தா படி. வரலேன்னா பேர் பதிஞ்சிரலாம். அஞ்சு மைல் பனியில பொம்பளைப் புள்ளைய யாரு அனுப்புறது?" அப்பா பொல்லாதவர் இல்லை. எட்டு அப்பாக்களும் ஒரே வாய் வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். படை பதிவானால் ஹைஸ்கூல், பதிவாகாவிட்டால் கூடை.

பதிவுக்குத் தேர்வு எமரால்டு அணைக்கு மேலே ஒரு புல்வெளியில் நடந்தது. சங்கத்திலிருந்து வந்த காகிதத்தைக் காட்டியதால் துரை அன்றைக்கு மட்டும் கொடுத்த லாரியின் பின்னால் நின்றுகொண்டே போனோம். அதுதான் எங்களுக்கு முதல் லாரி. அணைத் தண்ணீர் கற்பூர மரங்களுக்கு நடுவில் ஒரு தடவை தெரியும், அடுத்த திருப்பத்தில் பனி வந்து அதைத் துடைத்துவிடும். கான்வென்ட் பிள்ளைகள் எல்லாரும் ஒரே மாதிரி ஷூவில் வந்திருந்தார்கள். எங்கள் எட்டு ஜோடியும் எட்டு விதம். புஷ்பம் அவள் அண்ணனுடைய கேன்வாஸ் ஷூவில் பேப்பரைத் திணித்துப் போட்டிருந்தாள். நடந்தால் ஷூ ஒரு பக்கம் போகும், புஷ்பம் ஒரு பக்கம் போவாள்.

சங்கத்து மேடம் முதலில் விதிகளைக் கேட்டார். "இரண்டாவது விதி என்ன?" என்று செல்லமணியிடம் கேட்டார். எங்களில் எதற்கும் முதலில் நிற்கிறவள் அவள்தான். விறைப்பாக நின்று, "ரெண்டாவது விதி கடல்ல கெடக்குங்க மேடம்," என்றாள்.

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மூணாவது?"

"அதுவும் அங்கதாங்க."

அதைக்கூட மேடம் மன்னித்துவிட்டார். அடுத்தது வழி நடக்கிற தேர்வு. காட்டுக்குள் ஆளுக்கு ஒரு தடம், நூல் கட்டிப் பிரித்திருந்தார்கள். குறி பார்த்து நடந்து, புல்வெளியில் போட்ட சுண்ணாம்புக் கோட்டைத் தாண்ட வேண்டும். விசில் ஊதுவதற்குள் எட்டில் ஐந்து பேர் தாண்டினால் படை பதிவாகும்.

இங்கேதான் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு தப்பு நடந்தது.

தேயிலையில் பெண்களுக்கு ஆளுக்கு ஒரு நெரை கொடுப்பார்கள், அதாவது இரண்டு வரிசைச் செடிக்கு நடுவில் போகிற ஒரு சந்து. கை வேகமானவள் முதலில் முனைக்கு வந்துவிடுவாள். வந்தவள் அப்படியே போய்விட மாட்டாள். திரும்பி, பின்தங்கினவளின் நெரைக்குள் மேலிருந்து இறங்கிக் கிள்ளிக்கொண்டே வருவாள். இரண்டு பேரும் நடுவில் சந்திப்பார்கள். கை கொடுக்கிறது என்று அதற்குப் பேர். பால் குடிக்கிற நாளிலிருந்து இதைத்தான் பார்த்து வளர்ந்தோம். நூல் கட்டின தடத்தைப் பார்த்ததும் எங்கள் காலுக்கு அது நெரையாகத்தான் தெரிந்தது.

செல்லமணி முதலில் வந்தாள். கோட்டுக்குப் பத்தடி முன்னால் நின்று திரும்பிப் பார்த்தாள். பனி இறங்கியிருந்தது. ஆறு பேர் தெரிந்தோம். புஷ்பத்தின் தடம் வெறுமனே கிடந்தது. "புஷ்பத்தைக் காணோம்டி!" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு வந்த வழியே ஓடினாள். அவளைப் பார்த்து அடுத்தவள் திரும்பினாள். அதற்கடுத்தவள். மேடம், "கோட்டைத் தாண்டுங்க! தாண்டுங்க!" என்று கத்துகிறார். ஒருத்திக்கும் காது கேட்கவில்லை. எல்லா முதுகும் பனிக்குள் போய்க்கொண்டிருந்தன.

நான் மட்டும் தாண்டிவிட்டேன்.

யாரோ தள்ளிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. நானாகத்தான் தாண்டினேன். எனக்கு லாரி வேண்டும், ஹைஸ்கூல் வேண்டும். கோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்றேன். சுண்ணாம்பு என் ஷூவில் ஒட்டியிருந்தது. எனக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. அவ்வளவு பெரிய புல்வெளியை நான் அதற்கப்புறம் பார்த்ததேயில்லை.

விசில் ஊதி முடித்து வெகுநேரம் கழித்து ஏழு பேரும் ஒன்றாக வந்தார்கள். புஷ்பம் வெறுங்காலோடு நடுவில். ஷூ இரண்டும் செல்லமணி கையில். சேற்றில் மாட்டியது ஷூதான், புஷ்பம் இல்லை. ஷூவை விட்டுவிட்டு வந்தால் அண்ணன் அடிப்பான் என்று அவள் அங்கேயே நின்றிருக்கிறாள்.

"என்ன பிள்ளைங்க இது! கோட்டுக்கிட்ட வந்துட்டுத் திரும்பி ஓடுதுங்க!" என்று மேடம் தலையில் கை வைத்தார். பதிவு இல்லை. இருந்தாலும் வந்த படையை எல்லாம் போட்டோ பிடிக்க வேண்டுமாம். எங்களைக் கோட்டில் வரிசையாக நிறுத்தினார்கள். போட்டோக்காரர் தயாராகிற நேரம் பார்த்துப் பின்னாலிருந்து அக்காவின் விசில். வழக்கம்போல எல்லாருக்கும் கடைசியில், காட்டுக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தாள். ஏழு தலையும் பட்டென்று திரும்பின. அந்த நேரத்தில்தான் அவர் அழுத்தினார். நான் திரும்பவில்லை. அக்கா முகத்தைப் பார்க்கிற தைரியம் எனக்கில்லை. நேராக கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்புகிற லாரியில் மற்ற ஏழு பேரும் பாடிக்கொண்டு வந்தார்கள். தோற்றது அவர்களுக்கு இன்னும் உறைக்கவில்லை. நான் பின் கதவோரம் ஒண்டிக்கொண்டேன். கடைசியில் ஏறுகிறவள் பின் கதவோரம்தான் உட்கார வேண்டும் என்பதை மறந்துவிட்டேன். அக்கா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ரோடு எங்களுக்குப் பின்னால் பனிக்குள் கரைந்துகொண்டே வந்தது.

"எதுக்குடி மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்க?"

"நான் தாண்டிட்டேன்க்கா."

"பாத்தேன்."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். இரண்டு திருப்பம் போனது.

"நானும் தாண்டுனவதான்," என்றாள். "தலைமன்னார்ல கப்பல் ஏறுறோம். எனக்கு அப்பப் பதினாலு. நீங்க மெதுவா வாங்கம்மா, நான் முன்னாடி ஓடிப்போயி எடம் புடிக்கிறேன்னேன். ஓடுனேன். நல்ல எடம்டி. ஜன்னலோரம். துண்டை விரிச்சு அம்மாவுக்கும் சேத்துப் புடிச்சேன். திரும்பிப் பாத்தா அம்மா இல்ல. காயிதத்துல என்னமோ சீல் விட்டுப்போச்சாம், நிறுத்திட்டாங்க. அடுத்த கப்பல்ல வந்துருவாங்கன்னு சொன்னாங்க."

"வந்தாங்களாக்கா?"

அக்கா விசிலை எடுத்து முந்தானையில் துடைத்தாள். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"கரை வர்ற வரைக்கும் அந்த எடத்துல யாரையும் உக்கார விடல," என்றாள்.

எங்கள் எட்டுப் பேரில் இதை அவள் சொன்னது என்னிடம் மட்டும்தான். ஏன் என்னிடம் என்பது எனக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது.

மறுநாள் காலையில் பெரட்டுக்களத்தில், ஆள் எண்ணி வேலை பிரித்துக் கொடுக்கிற அந்த மைதானத்தில், எட்டு அப்பாக்களும் கூடி நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். லாரி இல்லை, ஆகவே பேர் பதிந்துவிடுவது. முடிந்த பேச்சு. அப்போது ஒரு குரல் வந்தது. "லாரி இல்லேன்னா கால் இருக்கில்ல?" குரல் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து வந்ததால் அப்பாக்கள் எல்லாரும் திரும்ப வேண்டியதாகிவிட்டது.

"வழியில காட்டெருமை நிக்குது. யாரு பொறுப்பு?" என்றார் எங்கள் அப்பா.

"முன்னாடி போறவளுக்கு மூத்தவன் காவல். பின்னாடி நான் வர்றேன்." மூத்தவன் என்று அவள் சொன்னது பிள்ளையாரை.

"உனக்கு வேலை இல்லையா?"

"காலையில காம்பராவுல இருக்கற பெரியாயா தொட்டில் பாத்துக்கும். அதுக்குப் பதிலா ரெண்டு பேர் தொட்டில் துணியையும் மத்தியானம் நான் தொவைப்பேன். பேசியாச்சு அண்ணே."

ஏழு அப்பாக்கள் சரி என்றார்கள். ஒருத்தர் சொல்லவில்லை. அவர் சம்சாரம் நோயில் படுக்கை, மூத்த பெண்ணுக்குக் கீழே இரண்டு சின்னப் பிள்ளைகள். அவர்தான் செல்லமணியின் அப்பா. கோட்டுக்குப் பத்தடி முன்னால் நின்று முதலில் திரும்பினவள் கூடை மாட்டினாள். கோட்டைத் தாண்டின நான் புத்தகப்பை மாட்டினேன்.

அதற்கப்புறம் இரண்டு வருஷம் நடந்தோம். முன்னாடி என்னைப் போகச் சொல்லிவிட்டாள் அக்கா. தண்டனை என்று முதலில் நினைத்தேன். "முன்னாடி போக ஒருத்தி வேணும்டி. நீ போ. ஆனா வளைவு வந்தா நில்லு. விசில் கேட்டப்புறம் நட," என்றாள். இருபத்திரண்டு வளைவு அந்தக் குறுக்குப் பாதையில். ஒவ்வொரு வளைவிலும் நிற்பேன். முன்னாடி பனி, பின்னாடி பனி. உலகத்தில் நான் ஒருத்தி மட்டும் மிச்சம் என்று தோன்றும். எங்கேயோ தூரத்தில் ஃபேக்டரிச் சங்கு தண்ணீருக்கடியிலிருந்து கேட்கிற மாதிரி கேட்கும். அப்புறம் ஒரு சின்ன விசில். அவ்வளவுதான், கால் தானாக நடக்கும்.

ஒரு நாள் வளைவில் நிஜமாகவே காட்டெருமை. பாதையை அடைத்துக்கொண்டு மூச்சு விட்டது, அது விடுகிற மூச்சும் பனியாகத்தான் வந்தது. நான் கல்லாகிவிட்டேன். பின்னாலிருந்து விசில், இன்னொரு விசில். அப்புறம் அக்காவின் குரல்: "ஏன்டி நிக்கிற?"

"முன்னாடி ஒருத்தர் நிக்கிறாருக்கா!"

"அவருக்கு முந்திக்கிட்டுப் போற புத்தி உனக்கு வேணாம். அவர் போகட்டும்."

அவர் போகிற வரை அரைமணி நேரம் நின்றோம். அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் முட்டி போட்டோம்.

லயத்தை விட்டுக் கிளம்பி மூன்றாவது வளைவில் தேயிலை ஆரம்பிக்கும். அங்கே நின்று அக்கா எண்ணச் சொல்வாள். முன்னாலிருந்து நான் ஒன்று என்பேன். இரண்டு, மூன்று என்று குரல் பின்னால் போகும். கடைசியில் புஷ்பம் ஏழு என்பாள். அக்கா பேச மாட்டாள். காத்திருப்பாள். பனிக்குள் எங்கேயோ, ஏதோ ஒரு நெரையிலிருந்து, "எட்டு!" என்று ஒரு சத்தம் வரும். செல்லமணி. ஆள் தெரியாது, கூடை தெரியாது, செடிகூடத் தெரியாது. எட்டு மட்டும் வரும். அதற்கப்புறம்தான் அக்கா விசில் ஊதுவாள்.

சத்தம் வராத நாள் ஒன்றிரண்டு உண்டு. அவளுக்குக் காய்ச்சலாக இருக்கும், இல்லை வேறு மலைக்கு வேலைக்கு அனுப்பியிருப்பார்கள். அன்றைக்கும் அக்கா காத்திருப்பாள். "நேரமாச்சுக்கா" என்று யாராவது முனகினால்தான் கிளம்புவாள், அதுவும் இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு.

நீலக் கழுத்தோடு ஏழு பெண்கள் தினமும் நனைந்து வருவதைப் பார்த்த ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா, இரண்டாம் வருஷம் படையைப் பள்ளிக்கூடத்தோடு சேர்த்துப் பதிவு பண்ணினார். முதல் ஊர்வலத்துக்கு அக்காவைக் கூப்பிட்டு முன்னாடி நடக்கச் சொன்னார். அக்கா தலையை ஆட்டிவிட்டுக் கடைசியில் போய் நின்றுகொண்டாள். அவளை விட்டுவிட்டு முன்னாடி நடக்க ஹெட்மிஸ்ட்ரஸுக்கும் மனசு வரவில்லை, அவரும் பின்னால் போய்விட்டார். அதிலிருந்துதான் டீச்சர், இந்தப் பழக்கம். புத்தகத்தில் தேடினால் கிடைக்காது. பிற்பாடு அச்சடித்த விதிப் புத்தகம் வந்தது. ஆசையாக ஒன்பதாம் விதியைப் புரட்டினேன். சிக்கனமாக இரு என்று போட்டிருந்தது. திரும்பிப் பார்க்கிறது பத்தில் ஒன்றாகக்கூட இல்லை.

பதிவேட்டில் எழுத ஹெட்மிஸ்ட்ரஸ் பேர் கேட்டபோது நானும் பக்கத்தில் இருந்தேன்.

"எந்தப் பேரும்மா?" என்றாள் அக்கா. "கப்பல் காயிதத்துல ஒண்ணு தப்பா எழுதியிருக்கான். அது என் பேரில்ல. அம்மா கூப்புட்ட பேரு ஒண்ணு இருக்கு. அதை அம்மா வந்து கூப்புடட்டும்."

ஹெட்மிஸ்ட்ரஸ் பேனாவை மூடிவிட்டார். அந்தக் கோடுதான் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

நாங்கள் பத்தாவது முடித்த வருஷம் அக்கா கூடலூர்ப் பக்கம் தோட்டத்துக்கு மாறிப் போனாள். எங்கள் எல்லாரையும் எண்ணிவிட்டு, பஸ்ஸில் எல்லாரும் ஏறின பிறகு ஏறினாள். உள்ளே ஜன்னலோரம் ஒரு இடம் காலியாக இருந்தது, வெளியிலிருந்தே தெரிந்தது. அவள் போய் உட்காரவில்லை. படியோரம் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே போனாள். அதற்கப்புறம் தகவல் இல்லை. போட்டோவை அவள்தான் என் கையில் கொடுத்திருந்தாள். "இது உன்கிட்ட இருக்கட்டும்டி," என்று மட்டும் சொன்னாள்.

இவ்வளவும் எழுதி முடித்து, பெட்டியைத் திறந்து, போட்டோவையும் சேர்த்து டீச்சரிடம் கொடுத்தேன். அவர் முதலில் போட்டோவைத்தான் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"ஏனுங்கக்கா, எல்லாரும் தலையைத் திருப்பிட்டு நிக்கறாங்க, இந்தப் பொண்ணு ஒண்ணுதான் நேராப் பாக்குது! இது நீங்கதானுங்களே? மூக்கைப் பாத்தாலே தெரியுது. அப்ப ஆரம்பிச்சவங்க நீங்கதானுங்களா? சொல்லவே இல்லையே! பேரை எழுதிக்கட்டுங்களா?"

பேனாவைத் திறந்துவிட்டார். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். மறுக்க ஆளில்லை. என் பேர் அந்தக் கோட்டுமேல் அழகாக உட்கார்ந்திருக்கும். கால் ஒரு தடவை கோட்டுக்கிட்ட வந்து நின்றதுதான்.

"இல்லீங்க டீச்சர். அது கோட்டைத் தாண்டினவ. ஆரம்பிச்சவங்க அந்த ஏழு பேரும் பாக்கற எடத்துல இருக்காங்க. கோட்டைக் காலியாவே விடுங்க. எழுதியிருக்கறதைப் படிச்சாத் தெரியும்."

போன ஞாயிற்றுக்கிழமை ஊர்வலம் நடந்தது. கடையில் செல்லமணி உட்கார்ந்திருந்தாள். ரிட்டயர் ஆகி, முட்டி தேய்ந்து, இன்னும் என்னிடம்தான் ஜாக்கெட் தைக்கிறாள். "ஏய் முன்னாடி போறவளே, என் ஜாக்கெட்டை எப்பவாச்சும் முன்னாடி தச்சிருக்கியாடி?" என்று வழக்கமான அர்ச்சனை நடந்துகொண்டிருந்தபோது, பனிக்குள்ளிருந்து நீலத்துணிப் பிள்ளைகள் வந்தார்கள். இப்போதைய நீலம் சாயம் போகாது. எல்லாரும் போன பிறகு, நாலடி தள்ளி, கடைசியில் டீச்சர் ஒற்றையாக வந்தார். பழக்கம் நிற்கவில்லை.

மிஷினை நிறுத்திவிட்டுப் படி இறங்கினேன். செல்லமணியும் முனகிக்கொண்டே இறங்கினாள். டீச்சருக்குப் பின்னால் நடந்துவிடலாம் என்று ஒரு ஆசை எனக்கு. அவர் நின்றுவிட்டார்.

"அதெல்லாம் முடியாதுங்க. கடைசி எடம் என்னோடது. நீங்க ரெண்டு பேரும் முன்னாடி நடங்க."

நடந்தோம். பழைய கால், என்னை அறியாமல் வேகம் எடுத்துவிட்டது. பேங்க் வளைவுக்கு வந்தபோது பார்த்தால் பக்கத்தில் செல்லமணி இல்லை. பின்னாடி பனி. பிள்ளைகளின் காலடிகூட எங்கேயோ முன்னால் கரைந்து போயிருந்தது. வளைவில் நின்றேன். திரும்பிப் பார்த்தேன்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

அப்புறம் பனிக்குள்ளிருந்து மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு சத்தம் வந்தது.

"எட்டு!"